சாக்கு உடுத்திய வாழைகள்

எங்கள் கலியாணப் படத்தில் மனைவியின் தலைக்குப் பின்னால் ஒரு விலைச்சீட்டு தொங்குகிறது. மண்டபத்துக்காரர் வாடகைக்குக் கொடுத்த பிளாஸ்டிக் வாழையின் இலை நுனியில், கடையில் கட்டிய நூலோடு அப்படியே தொங்குகிறது. படம் பிடித்தவருக்கு அது தெரியவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியவில்லை, அவர் தலைப்பாகை கழன்று விழாமல் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார். மொன்றியலில் பெப்ரவரி மாதத்தில் கலியாணம் செய்தால் வாழை பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும் என்பது அறிவுள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம். என் மனைவிக்கு அறிவு உண்டு. ஆனாலும் பதினெட்டு வருடமாக அந்த ஆல்பத்தை யாருக்குக் காட்டினாலும், அந்தப் பக்கம் வந்ததும் பெருவிரலை விலைச்சீட்டின் மேல் வைத்துக்கொண்டுதான் காட்டுவாள். வந்தவர்கள் விரலைப் பார்த்துவிட்டு, "இதில என்ன கிடக்கு?" என்று கேட்பார்கள்.

இது நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில். மொன்றியலுக்கு வடக்கே, லவாலில் வீடு வாங்கி எங்களுக்கு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. லவாலில் வீடு வாங்கிய தமிழனுக்கு முதல் கோடையிலேயே ஒரு வருத்தம் நோய்போலப் பிடிக்கும். பின்வளவில் வெறும் புல் கிடப்பதைப் பார்த்ததும் கை துடிக்கும். கொத்துவான். கத்தரி வைப்பான், மிளகாய் வைப்பான். பாவற்கொடியை அயலவரின் வேலியில் ஏற்றிவிட்டு, அவர் வந்து கேட்டால் பிரெஞ்சு தெரியாதவனாக மாறிவிடுவான். வெயில் அடிக்கும் அந்த நாலு மாதமும் சனி ஞாயிறுகளில் ஒருவர் தோட்டத்தை மற்றவர் போய்ப் பார்ப்பதும், "நல்லா வந்திருக்கு" என்று வாயாரச் சொல்வதும், திரும்பி வரும்போது காருக்குள் "எங்கட இதைவிடப் பெரிசு" என்று ஆறுதல் அடைவதும்தான் எங்கள் சமூக வாழ்க்கை. நான் இதையெல்லாம் மேலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் வாசிக்கிறவன் என்று எனக்கு என்னைப்பற்றி ஓர் எண்ணம். தோட்டம் என்பது மற்றவர்கள் கொத்த, நாம் பக்கத்தில் கதிரை போட்டு வாசிக்கும் இடம் என்பது என் கொள்கை.

மனைவி ஒரு வைகாசியில் மரக்கன்று விற்கும் கடையிலிருந்து இரண்டு வாழைக்கன்றுகள் கொண்டுவந்தாள். ஜப்பான் இனமாம். கொஞ்சம் குளிர் தாங்குமாம். ஆனால் சாப்பிடக்கூடிய காய் காய்க்காதாம்.

"காய்க்காத வாழை என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் பிரயோசனப்பட்டுத்தான் இந்த வீட்டில நிக்குதோ?" என்றாள், என் கதிரையைப் பார்த்து.

அந்தக் கன்றுகள் என்னை அவமானப்படுத்துவதற்கென்றே வளர்ந்தன. ஆடியில் என் மார்பு உயரம். ஆவணி முடிவதற்குள் என் தலையைத் தாண்டிவிட்டன. பின்வளவுக்கு வந்தவர்கள் கத்தரியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வாழையடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாழை வாழையாக மட்டும் இருந்திருந்தால் என் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். புரட்டாதியில் மனைவியின் அண்ணன் தன் மகளுக்குக் கலியாணம் நிச்சயித்தார். அவர் வீடு புரோசார்ட்டில். ஆற்றைக் கடந்து, பாலத்தில் ஒரு மணித்தியாலம் நின்று, கடைசியில் போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே அறிவுரையோடு நிற்பார். கார் டயரிலிருந்து கனடாவின் வெளிநாட்டுக் கொள்கைவரை அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மண்டபத்துக்காரர் கொடுத்த பட்டியலை வாசித்துக் காட்டினார். மணவறை, பூ, குத்துவிளக்கு, வாசலுக்கு ஒரு சோடி பிளாஸ்டிக் வாழை.

மனைவி கோப்பையிலிருந்து கையை எடுத்தாள். "பிளாஸ்டிக் வேண்டாமண்ணை. என்ர பின்வளவில ரெண்டு நிக்குது. அதைக் கட்டுவம்."

அண்ணர் சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் மூக்கிலிருந்து தொடங்கும். "கலியாணம் வாற ஆனியில, தங்கச்சி. நடுவில ஒரு விண்டர் கிடக்கு. மறந்துபோனியோ?"

"மறக்கேல்ல."

"பிளாஸ்டிக்குக்கு என்ன குறை? வாடாது, வதங்காது, குலையோட நிக்கும். ஆர் கிட்டப்போய்ப் பாக்கினம்?"

"நான் பாப்பன்" என்றாள் மனைவி. விலைச்சீட்டைப்பற்றி அவள் சொல்லவில்லை. அந்த மேசையில் அது எனக்கு மட்டும் தெரிந்த கதை.

அண்ணர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீர் என்ன சொல்லுறீர்? உது நடக்கிற காரியமோ?"

மூன்றாவது தரம் போட்ட இறைச்சிக்கறி வாய்க்குள் இருந்த நிலையில், கறியின் தைரியத்தில், "நடக்கும்" என்றேன். "அதுக்கெண்டு முறையள் இருக்கு. நான் வாசிச்சுப் பாக்கிறன்."

அப்படித்தான் நான் பொறுப்பாளன் ஆனேன்.

லவால் நூலகத்தில் போய்க் குளிர்காலத் தோட்டம்பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்துவந்தேன். மூன்றும் ஒரே மாதிரி. முதல் பத்துப் பக்கம் நம்பிக்கை, பிறகு நூற்றைம்பது பக்கம் எச்சரிக்கை. வாழையைக் கிழங்கோடு கிளப்பி நிலவறையில் வைக்கலாம் என்று ஒன்று சொன்னது. எங்கள் நிலவறையில் குளிர்ப்பெட்டி, ஆறு மாதத்து அரிசி, ஊரிலிருந்து வந்த யாரோ வைத்துவிட்டுப்போன இரண்டு சூட்கேஸ், உடைந்த தையல் மெஷின். எஞ்சிய இடத்தில் ஒரு வாழைத் தடி கிடந்தாலும் கிடக்கலாம், இலை நிமிராது. அதோடு இந்த யோசனையைத் தொலைபேசியில் கேட்ட அண்ணர் சொன்னார்: "பேஸ்மென்டில வைச்சா அது வாழை இல்லை மச்சான், வாடகைக்கு இருக்கிற ஆள். நிலத்தில நிண்டு விண்டரைத் தாண்டவேணும். அப்பத்தான் அது உங்கட மரம்."

பிளாஸ்டிக்கைக் கட்டச் சொன்ன அதே மனிதர். அவர் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் சூட்கேஸ்களைத் தெருவில் வைத்துவிட்டு வாழைக்கு இடம் பிடித்திருப்போம். சொல்லிவிட்டார், அதனால் முடியாமல் போயிற்று. மனைவி, "நிலத்திலதான் நிக்கும்" என்றாள்.

ஐப்பசியில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் இலைகள் வேகவைத்த கீரைபோலத் தொங்கின. இலைகளை வெட்டினோம். தண்டுகளைச் சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வட்டமாக நிறுத்தினோம். உள்ளே காய்ந்த இலைகளைப் போட்டு நிரப்பவேண்டும் என்று புத்தகம் சொன்னது. காய்ந்த இலைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடதாசிப் பைகளில் கட்டி நகரசபை வண்டிக்கு வைத்திருப்பார்கள். மனைவியும் நானும் காரில் போய், குப்பை என்று எல்லோரும் எறிந்ததைக் களவாகத் தூக்கிவந்தோம். ஒருத்தர் யன்னலால் பார்த்தார். நான் கை காட்டினேன், அவரும் காட்டினார். ஏதோ வறுமை என்று நினைத்திருப்பார்.

வலைக்கு வெளியே சாக்கு. பசுமதி அரிசி வரும் சணல் சாக்குகளை எங்கள் வீட்டில் எறிவதில்லை. எதற்காவது உதவும் என்று வருடக்கணக்காக மடித்து வைப்போம். அத்தனை வருடத்தில் முதல்முறை உதவிற்று. மனைவி சாக்கூசியால் அவற்றைப் பொருத்தித் தைத்தாள். தண்டின் உச்சியில் என் பழைய குளிர்த்தொப்பிகளில் ஒவ்வொன்றைக் கவிழ்த்தாள். எல்லாம் முடிந்து எட்ட நின்று பார்த்தபோது, பின்வளவில் இரண்டு பேர் அரிசிக் கம்பனியின் யானைப் படத்தை வயிற்றில் அணிந்துகொண்டு நின்றார்கள்.

"இது காணாது" என்றாள் மனைவி. "உள்ளுக்குக் கொஞ்சம் சூடு வேணும். கிறிஸ்மஸ் லைட் சுத்துவம். போன வருசம் யன்னலுக்குக் கட்டேக்க என்ர விரல் சுட்டது."

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். பின்னாளில் நான் இந்தக் கதையைப் பலருக்குச் சொல்லும்போது இதைக் கொஞ்சம் மங்கலாக விட்டிருக்கிறேன். லைட் அவளுடைய யோசனை. புத்தகம் வாசித்தவன் நான், விரல் சுட்டவள் அவள்.

பழைய காலத்துக் கிறிஸ்மஸ் லைட்டுகள், சின்னச் சின்னக் குமிழ்கள், தொட்டால் சுடும். மரத்துக்கு ஒரு கொடியாகத் தண்டைச் சுற்றிக் கட்டி, வயரைப் பனிக்கு மேலால் சமையலறை வரைக்கும் இழுத்துவந்தோம். அந்தி பட்டதும் மனைவி செருகியில் மாட்டுவாள். நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், சாக்குக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் கசிய, இரண்டு உருவங்கள் பனிக்குள் மௌனமாக நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற கியூபெக்காரர். அவரும் தன் வேலிச் செடிகளைச் சணல் துணியால் சுற்றுவார். அது இந்த ஊர் வழக்கம். பார்த்தால் வரிசையாக மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு வைத்ததுபோல இருக்கும். ஒரு பின்னேரம் வேலிக்கு அப்பால் நின்று, "பொன்ஜூர்" சொல்லி, எங்கள் இருவரையும் உற்றுப் பார்த்தார். எங்கள் என்றால் வாழைகளை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், அது சூசையப்பரும் மாதாவும்தானே என்று.

தான் முப்பது வருடமாகக் கோயிலுக்குப் போனதில்லை, ஆனால் இதைப் பார்க்க மனதுக்கு ஏதோ செய்கிறது என்றும் சொன்னார். வாழை, கலியாணம், வாசல், சோடி, அண்ணர், விலைச்சீட்டு இவ்வளவையும் என் பிரெஞ்சில் விளக்குவதற்குள் இரண்டு பேரும் விறைத்திருப்போம். "ஓம்" என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். குழந்தை எங்கே என்று கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்றேன். திருப்தியோடு போனார்.

தையில் குளிர் வந்தது. அதற்கு முன் வந்ததெல்லாம் குளிர் என்று நாங்கள் தவறாக நினைத்திருந்தோம். இந்த ஊர்க்காரர்கள் குளிரைப்பற்றிப் பேசும் பெருமை எனக்கு எப்போதும் எரிச்சல் தருவது. ஏதோ தாங்களே தயாரித்ததுபோல வருகிற அகதிகளுக்கெல்லாம் காட்டுவார்கள். வானொலியில் காலை தொடங்கி ஒருவன் மகிழ்ச்சியோடு எண்களைச் சொல்லுவான். காற்றைச் சேர்த்தால் இவ்வளவு, சேர்க்காவிட்டால் இவ்வளவு. காற்றைச் சேர்க்காமல் நாங்கள் எப்படி வெளியே போவது என்று அவன் சொன்னதில்லை. பின் கதவின் கைப்பிடி உட்பக்கத்திலேயே பனி பூத்தது. நான் வேலைக்குப் போகக் காரைத் துப்புரவாக்க வேண்டிய நேரத்தில், முதலில் பின்வளவுக்கு வழி வெட்டினேன். சவளால் பனியை அள்ளி மரங்களைச் சுற்றிக் கழுத்துவரை குவித்தேன். பனியே போர்வை என்று புத்தகம் சொல்லியிருந்தது. எழுதினவன் வீட்டுக்குள் இருந்து எழுதியிருக்க வேண்டும்.

மனைவி ஒவ்வொரு பின்னேரமும் என் மேலங்கியையும் தன் மேலங்கியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போய், சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருவாள். "இளஞ்சூடு கிடக்கு" என்பாள். அந்த இரண்டு சொல்லுக்காக நான் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன் என்பதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் குளிரின் மூன்றாம் நாள், வேலை முடிந்து வந்து பார்த்தேன். வலது பக்கத்து மரம் இருட்டாக நின்றது. பழைய லைட்டுக் கொடிகளின் குணம் அது. ஒரு குமிழ் செத்தால் கொடி முழுக்கச் சாகும். எந்தக் குமிழ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். கையுறையோடு குமிழைப் பிடிக்க முடியாது. கையுறை இல்லாமல் விரலைப் பிடிக்க முடியாது. ஏழாவது குமிழுக்கு வரும்போது என் இமைமயிர்கள் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காரை எடுத்துக்கொண்டு சாமான் கடைக்கு ஓடினேன்.

கிறிஸ்மஸ் முடிந்து தட்டுகளைக் காலியாக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஒரே ஒரு பெட்டி கிடந்தது. புது வகை, அந்த நாட்களில்தான் வரத் தொடங்கியிருந்த எல்.ஈ.டி. மின்சாரம் மிச்சம், நீண்ட ஆயுள், ஒரு குமிழ் போனாலும் மற்றவை எரியும். பெட்டியின் பக்கவாட்டில் 'சூடாகாது' என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. நான் இரண்டு மொழியிலும் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்து, வலது மரத்தின் சாக்கை அவிழ்த்து, புதுக் கொடியைச் சுற்றி, மாட்டினேன். வெள்ளையும் நீலமுமாக ஒரு வெளிச்சம் வந்தது. இடது பக்கத்து மஞ்சள் மங்கல் அதற்கு முன்னால் ஏழை உறவினர்போல நின்றது. மனைவி வந்து சாக்குக்குள் கையை விட்டாள்.

"இது சுடேல்லையே."

"அதுதான் இதின்ர விசேஷம்" என்றேன்.

"விசேஷமோ?"

அந்தக் குளிரில், பனிக்குள் முழங்கால்வரை நின்றுகொண்டு, நான் அவளுக்கு விளக்கினேன். பழைய குமிழ் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணாக்குகிறது என்றேன். இது ஒரு துளியும் வீணாக்காது, எல்லாம் வெளிச்சம் என்றேன். விஞ்ஞானம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்றேன். சொல்லச் சொல்ல வாயிலிருந்து ஆவி வந்தது. அந்த ஆவி அந்த வாழைக்குக் கிடைத்த சூட்டைவிட அதிகம்.

"எண்டாலும்…" என்று தொடங்கினாள்.

"நீர் சும்மா இரும். நான் வாசிச்சிட்டுத்தான் வாங்கினன்."

சும்மா இருந்தாள். கலியாணமான நாள்தொட்டு நான் சொல்லி அவள் சும்மா இருந்தது அந்த ஒருமுறைதான். அதுவும் இப்படி ஒரு விஷயத்தில்.

குளிர் இன்னும் ஒரு கிழமைக்கு மேல் நின்றது. வலது மரம் ஒவ்வொரு பின்னேரமும் ஜெகஜோதியாக எரிந்தது. சமையலறை யன்னலால் பார்த்து நான் மகிழ்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணர் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், வலப்பக்கத்தான் நல்லா இருக்கிறான் போல" என்றார். அவர் எல்லாம் அறிந்தவர் என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

சித்திரை கடைசியில் நிலம் இளகியதும் சாக்குகளைப் பிரித்தோம். இடது மரத்தின் வெளிமடல்கள் கறுத்து உரிந்தன. மேல் பாதி போய்விட்டது. வெட்டிக்கொண்டு வந்தபோது இடுப்பு உயரத்தில் உள்ளே வெள்ளையாக, இறுக்கமாக, கத்தியில் ஈரம் பட்டது. மனைவி பெருவிரலால் அமத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. அவள் அடுத்த மரத்துக்குப் போனாள்.

வலது மரத்தின் சாக்கை நான் அவிழ்த்தேன். தண்டைத் தொட்டதும் கை உள்ளே போய்விட்டது. ஒரு மாதம் தண்ணீரில் ஊறவிட்ட கடதாசிபோல இருந்தது. புளித்த மணம் வந்தது. அந்தச் சேற்றைச் சுற்றிப் புதுக் கொடி ஒரு குமிழும் பழுதில்லாமல் கிடந்தது. சோதித்துப் பார்க்க மாட்டினேன். எல்லாம் எரிந்தன.

"வெளிச்சம் மட்டும் ஒரு குறையுமில்லை" என்றாள் மனைவி.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். சரிந்து கிடந்த வலது மரத்தைப் பார்த்து, மாதாவா என்று கேட்டார். சூசையப்பர் என்றேன். எப்படியும் ஓர் ஆண்பிள்ளையின் முட்டாள்தனத்தில் போன உயிர்.

அன்று தேத்தண்ணியோடு சமையலறை மேசையில் இருந்தபோதுதான் அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "ஒண்டு காணாது" என்றாள். "வாசலில ஒற்றை வாழை நிண்டா சனம் வேற என்னவோ நினைக்கும். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அண்ணையும் சொல்லித் திரியிறார்."

அது உண்மை. எங்களிடம் மூக்கால் சிரித்த மனிதர், மாப்பிள்ளை வீட்டில், "என்ர தங்கச்சி லவாலில வாழைத்தோட்டமே வைச்சிருக்கிறா" என்று சொல்லியிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். எழுந்துபோய்ப் புத்தகங்கள் மூன்றையும் நூலகத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். தாமதத்துக்குத் தண்டமும் கட்டினேன்.

இடது மரம், எங்கள் வீட்டுக் கவலை தனக்குத் தெரியும் என்பதுபோல, வைகாசி நடுவில் ஒரு குருத்தைச் சுருட்டி நீட்டியது. பிறகு ஒன்று. ஆனி பிறந்தபோது ஐந்து இலைகள். காற்று அவற்றைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது. ஓரம் மஞ்சள், நடுவில் ஓட்டை. உயரம் என் நெஞ்சுக்குக் கிட்ட. கலியாண வாசலுக்கு வெட்டித்தான் கட்டுவார்கள். மனைவி கத்தியை எடுக்கவிடவில்லை. "அந்தக் குளிரைத் தாண்டி வந்ததை வெட்டமாட்டன்" என்றாள். வேரோடும் மண்ணோடும் கிளப்பி, ஒரு பெரிய பெயின்ற் வாளிக்குள் இறக்கி, வாளிக்கு மஞ்சள் துணி சுற்றினோம்.

மண்டபத்துக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் வாழை மட்டும் தரச்சொல்லிக் கேட்டாள். சோடியாகத்தான் தருவோம் என்றார் அவர். சோடியாகவே வாங்கினாள். கலியாணத்தன்று விடிய, ஆட்கள் வருமுன், நல்லதாக ஒன்றைத் தெரிந்து இன்னொரு வாளியில் மண்ணுக்குள் நட்டு, அதே மஞ்சள் துணியைச் சுற்றி வாசலின் வலப்பக்கத்தில் நிறுத்தினோம். மற்றப் பிளாஸ்டிக் வாழை கலியாணம் முடியும்வரை எங்கள் காரின் பின்பெட்டியில் படுத்திருந்தது. நிறுத்தி முடிந்ததும் மனைவி அந்தப் பிளாஸ்டிக் மரத்தைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு இலையையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். ஏழாவது இலையில் ஒரு சீட்டு இருந்தது. பல்லால் நூலைக் கடித்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். எல்லோரும் நின்றது பிளாஸ்டிக் மரத்தின் முன்னால். அதற்கு உயரம் இருந்தது, பச்சை இருந்தது, மஞ்சள் பூசிய ஒரு குலையும் தொங்கியது.

"அக்கா, இந்த ஊரிலையோ இப்பிடி வந்தது?" என்று ஒருத்தி கேட்டாள். "குலையும் போட்டிட்டுதே."

"கஷ்டப்பட்டுத்தான்" என்றாள் மனைவி.

ஒரு வயதானவர் பிளாஸ்டிக் இலையை வாஞ்சையோடு தடவி, மண் வாசம் வருகிறது என்றார். வாளிக்குள் இருந்த மண்ணின் வாசம் அது; எங்கள் பின்வளவு மண். எங்கள் உண்மையான வாழைக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. அது வாசலின் இடப்பக்கத்தில், ஒரு நோயாளி கலியாண வீட்டுக்கு வந்ததுபோலக் குனிந்து நின்றது.

அண்ணர் வெள்ளைப் பட்டு வேட்டியும் சால்வையுமாக மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்தார். வலப்பக்கத்தில் நின்று, "இதுதான் நான் சொன்னது. தங்கச்சியின்ர கையால வளத்தது" என்றார். அவர்கள் வியந்தார்கள். பிறகு அவர் பார்வை இடப்பக்கம் போயிற்று. முகம் சுருங்கியது. குரலைத் தாழ்த்தி மனைவியிடம் கேட்டார்.

"ஒண்டுதானே தப்பினது?"

"ஓம் அண்ணை. ஒண்டுதான்."

"அதுக்காக மற்றப் பக்கம் உப்பிடியே ஒரு பிளாஸ்டிக்கைக் கொண்டந்து வைக்கிறது? இலையெல்லாம் கிழிஞ்சு, ஓட்டை விழுந்து. மண்டபத்தான் பழசைத் தந்து ஏமாத்திப்போட்டான். நான் எண்டா திருப்பிக் குடுத்திருப்பன்." இது எவ்வளவு மட்டமான பிளாஸ்டிக் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக, எங்கள் வாழையின் கிழிந்த இலை ஒன்றைக் காம்போடு பிடித்து இழுத்தார்.

காம்பு முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து நீர் வழிந்து அவர் பட்டு வேட்டியில் முழங்காலடியில் சொட்டியது. நாலைந்து சொட்டு. நிறமில்லாத நீர். அவர் குனிந்து பார்த்துக் கையால் துடைத்தார். துடைத்ததில் அது அகலமாகப் பரவியது.

"என்ன இது, தண்ணியோ?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நீர்தான் வாழைக்கயர்; அது துணியில் பட்டால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் வாசிக்காமலே தெரிந்த ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. உடனே கழுவினால் ஒருவேளை தப்பலாம். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், தை மாதத்தில் பனிக்குள் நின்று நான் சொன்ன சொல் அப்படியே எனக்குத் திரும்பி வந்தது. சும்மா இருந்தேன்.

"தண்ணிதான் அண்ணை" என்றாள் அவள். "காயும். போங்கோ, ஐயர் கூப்பிடுறார்."

அவர் போய் மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். தாரை வார்க்கும்போது அந்த இடம் இளமஞ்சளாக இருந்தது. ஆசீர்வாதத்துக்கு ஆட்கள் வரிசையாக வந்தபோது தேத்தண்ணி நிறம். சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பப் படம் எடுக்கும்போது நல்ல கபிலம்.

ஆவணியில் ஆல்பம் வந்தது. வந்த அன்றே அண்ணர் தொலைபேசி எடுத்தார். மனைவி பேசுவதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, என்ர வேட்டியில உது என்ன கறை? எல்லாப் படத்திலயும் விழுந்திருக்கு. துணி வெளுக்கிற கடைக்காரன் ஏலாதெண்டு திருப்பித் தந்திட்டான்."

"அது வாழைக்கயர் அண்ணை. போகாது."

பாலத்தில் நிற்கும் வாகனங்கள்போல அவருடைய மூளைக்குள் ஒவ்வொன்றாக நகர்ந்திருக்க வேண்டும். "நான் இழுத்தது பிளாஸ்டிக்கையெல்லோ" என்றார் கடைசியில்.

"பிளாஸ்டிக்கில கயர் வராதண்ணை" என்றாள் மனைவி. பிறகு அவருடைய சுகத்தை விசாரித்துவிட்டு வைத்தாள்.

எங்களுக்குத் தந்த ஆல்பம் இப்போது எங்கள் ஆல்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு மனைவி இரண்டையும் காட்டுகிறாள். மகளும் மாப்பிள்ளையும் நடுவில் நிற்க, வெள்ளைப் பட்டில் உள்ளங்கை அளவு கபிலத்தோடு அண்ணர் நிமிர்ந்து நிற்கும் பக்கம் வந்ததும், "இதில என்ன கிடக்கு?" என்று யாராவது கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அவள் விரல் வைப்பதில்லை. அவசரமில்லாமல், ஆறுதலாகக் காட்டிச் சொல்கிறாள்.